பரந்தனில் ஒரு மெனுவல் சிவிக்: ஓட்டத்துக்குத் தொண்ணூறு, விற்பனைக்கு ஐம்பது

ஹொண்டா சிவிக் ஃபெரியோ, ஈகே3 மொடல், 1998ஆம் ஆண்டுத் தயாரிப்பு, ஐந்து கியர் மெனுவல். பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் படிப்பிக்கப் போய்வர வைத்திருந்த கார். இந்த வருடம் விற்றேன். விற்கப் போகிறேன் என்று வெளியே தெரிந்ததும் ஊரில் எல்லாரும் கேட்டது ‘என்ன விலை போகும்?’ என்பதைத்தான். கார் எப்படி என்று கேட்டவர்கள் குறைவு. வாத்திமார் பழக்கத்தில் தலைப்பிலேயே புள்ளியைப் போட்டுவிட்டேன். எப்படி வந்தது என்பதை இனிச் சொல்கிறேன்.

முதலில் ஓட்டம். ஏ35 வீதி, பரந்தன் சந்தியில் தொடங்கி தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று முல்லைத்தீவு வரை ஐம்பது கிலோமீற்றர் சொச்சம். நேரான பாதைதான். ஆனால் சந்திக்குச் சந்தி மாடு, சைக்கிள், நெல்லு மூட்டையோடு குறுக்கே திரும்பும் லான்ட் மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரம். முடிவில் வட்டுவாகல் பாலத்தில் எதிரே வருகிறவருக்கு வழிவிட்டு ஊர்ந்துதான் ஏறவேண்டும். இப்படிக் கியரை ஏற்றி இறக்கி ஓடுகிற வீதியில் நல்ல மெனுவல் கியர் கையில் இருப்பது ஒரு சுகம். ஈகேயின் கியர் லீவருக்குப் பலம் தேவையில்லை. உள்ளங்கையைச் சாய்த்தால் மூன்றில் இருந்து இரண்டுக்குத் தானாக விழும். நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். 2000இல் வந்த அடுத்த சிவிக்கில் முன்பக்கத்துக்கு அதை எடுத்துவிட்டு மலிவான அமைப்பைப் போட்டார்கள். இரண்டையும் ஓட்டியவருக்கு வித்தியாசம் முதல் வளைவிலேயே விளங்கும்.

எஞ்சின் டி15பி, 1493 சிசி. இதில் இருப்பது மூன்று கட்ட விடெக், அதாவது சுற்றுக்கு ஏற்ப வால்வு திறப்பை மாற்றுகிற ஹொண்டாவின் அமைப்பு. கீழ்ச்சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு இன்ரேக் வால்வில் ஒன்றுதான் முழுதாக வேலை செய்யும், அது பெற்றோலை மிச்சம் பிடிக்கிற கட்டம். நடுச்சுற்றில் இரண்டும் திறக்கும். நிமிடத்துக்கு 6000 சுற்று அளவில் மூன்றாவது கட்டம் பிடித்து, 7000இல் 130 குதிரைவலு. வன்னியில் அந்த 7000ஐ எங்கே தொடுகிறது? ஊருக்கு வெளியே மணிக்கு 70 கிலோமீற்றர் என்பதுதான் சட்டம். ஏ9இல் மரநிழலில் பொலிசார் வேகம் பார்க்கும் கருவியோடு நிற்பார்கள். சட்டத்துக்குள் நின்று ஓடினால் மூன்றாவது கட்டத்தின் சத்தத்தை முதலாம் கியரில் ஒரு மூச்சு கேட்கலாம், அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

நோவு ஒன்று உண்டு. சித்திரை வெயிலில் பாடசாலை வளவில் நிறுத்திவிட்டு மதியம் வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதும் பின்சீற்றுக்குக் கீழே பெற்றோல் பம்ப் இரண்டு செக்கன் முனகவேண்டும். அந்தச் சத்தம் வராது. கதவுகளைத் திறந்துவிட்டு அரை மணி வேப்பமரத்துக்குக் கீழே நின்றுவிட்டு வந்தால், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். தொண்ணூறுகளின் ஹொண்டாக்களுக்கு உலகம் முழுக்க உள்ள வருத்தம் இது. டாஷ்போட்டுக்குக் கீழே இருக்கிற, பெற்றோல் பம்புக்கு மின் கொடுக்கிற மெயின் றிலேயில் ஈயப் பற்று வெடித்து, சூட்டில் தொடர்பு விடும்.

ஒரு கராஜில் பம்ப், டிஸ்ட்ரிபியூற்றர் இரண்டையும் மாற்றவேண்டும் என்றார்கள். சரி, யோசித்துவிட்டு வருகிறேன் என்று வந்துவிட்டேன். பிறகு கிளிநொச்சியில் ரேடியோ, அம்ப் திருத்துகிற ஒருவர்தான் றிலேயின் மூடியைக் கழற்றி, மேசை விளக்குக்குக் கீழே சரித்துப் பிடித்து, ‘இஞ்ச பாருங்கோ சேர்’ என்று காட்டினார். ஒரு ஈயப் பொட்டைச் சுற்றி மயிரிழை தடிப்பில் கறுப்பு வளையம். சூட்டுக்கோலை வைத்து எடுத்தார், புகை வந்தது, முடிந்தது. தேத்தண்ணிக் காசுதான் வாங்கினார். அதற்குப் பிறகு எந்த வெயிலிலும் கார் மக்கர் பண்ணவில்லை. ஆனால் ‘பழைய ஹொண்டா வெயிலுக்கு நிண்டுபோகும்’ என்ற பெயர் ஊரில் நிலைத்துவிட்டது. விலை பேச வந்தவர்களில் பாதிப்பேர் அந்த வசனத்தோடுதான் பொனட்டைத் திறந்தார்கள்.

இனி விற்பனை. கிளிநொச்சிப் புறோக்கர் ஒருவரிடம் முதலில் கொண்டுபோனேன். காரைச் சுற்றி வந்து, கதவை ஒருமுறை அடித்துச் சாத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

‘தம்பி, கார் வடிவா வைச்சிருக்கிறீர். ஆனா இது ரொயோட்டாவும் இல்லை, ஓட்டோ கியரும் இல்லை, ஹைபிரிட்டும் இல்லை.’

‘அண்ணை, அதுதானே இதின்ர விசேஷம்.’

‘விசேஷத்துக்கு லீசிங் போடமாட்டாங்கள்.’

முழுக் கதையும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கார் வாங்குகிற பலர் லீசிங் போட்டுத்தான் வாங்குகிறார்கள். இருபத்தைந்து வயது தாண்டிய காருக்கு நிதி நிறுவனங்கள் பணம் தர விரும்புவதில்லை. தந்தாலும் மதிப்பீட்டாளர் வருடத்தைப் பார்த்துத்தான் தொகை போடுவார். விடெக் எஞ்சினா, சாதாரண எஞ்சினா, கியர் எப்படி விழுகிறது என்பதற்கெல்லாம் அவருடைய படிவத்தில் கட்டம் கிடையாது. ஆகவே உங்கள் காரை வாங்கக்கூடியவர் முழுக் காசையும் கையில் வைத்திருப்பவர். அந்தளவு காசு கையில் உள்ளவர் வன்னியில் கேட்பது டொல்பின் வான், இல்லாவிட்டால் வயலுக்கும் கடைக்கும் உதவுகிற பட்டா என்ற குட்டி லொறி. வெளிநாட்டில் இருந்து திருவிழாவுக்கு வருகிற சொந்தக்காரருக்கு ஓட்டோ வேண்டும். வீட்டில் மனைவியும் ஓட்டவேண்டும் என்பவர் சுசுகியின் சின்ன வகன் ஆர் பக்கம் போய்விடுவார். கிரவல் ஒழுங்கைக்குள் வீடு உள்ளவர் காரின் வயிற்றைக் குனிந்து பார்த்துவிட்டே திரும்பிவிடுவார்.

2022க்குப் பிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: லிற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்? அந்த வருடம் ஆனி மாதக் கடைசியில் 92 பெற்றோல் லிற்றர் 470 ரூபாய்க்குப் போனது. ஆடியில் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லிற்றர். என் கார் லிற்றருக்குப் பதின்மூன்று தந்தாலும் 260 கிலோமீற்றர்தான். பாடசாலைக்கு மட்டும் கிழமைக்கு அதன் இரட்டிப்பு வேண்டும். மிச்ச நாள் பஸ். பரந்தன் சந்தியில் அந்த வரிசைகளில் நின்றவர்கள் இன்றைக்கும் குதிரைவலுவைக் கேட்கமாட்டார்கள்.

இதற்கும் முந்திய பழக்கம் ஒன்று எங்கள் ஆட்களுக்கு உண்டு. போரின்போது பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே கார் என்றால் மண்ணெண்ணெயில் ஓடும் ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர். துளிப் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். என் அப்பாவின் ஏ40 2009இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளன் பக்கம் எங்கேயோ நின்றுவிட்டது. அவருக்குக் கார் ஒரு முதலீடு என்று விளங்கப்படுத்த நான் முயன்றதில்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் விலை விழுந்திருக்கவேண்டும். விழவில்லை. காரணம் இறக்குமதி. 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 மாசியில், அதுவும் கடும் வரியோடு. இடைப்பட்ட காலத்தில் நாட்டில் உள்ள எல்லாப் பழைய காருக்கும் விலை ஏறியது, என்னுடையதும் அதோடு மிதந்தது. இறக்குமதி திறந்த பிறகும் அண்மைய வருடத் தயாரிப்புகளைத்தான் கொண்டுவரலாம், 1998ஆம் ஆண்டு சிவிக் ஒன்றை யப்பானில் இருந்து எடுக்க வழியில்லை. இருக்கிற ஈகேக்களில் அடிபட்டது, பாட்ஸுக்கு வெட்டியது போக மிச்சம்தான் சந்தை. ஆகவே விலை இருக்கிறது. ஆனால் அந்த விலையைத் தருகிற ஆள் கிளிநொச்சியில் இல்லை, அவரைத் தேடவேண்டும். பொங்கலுக்கு விளம்பரம் போட்டது ஆடியில்தான் கைமாறியது.

கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிற மச்சானிடம் இதைச் சொன்னேன். அவர் வைத்திருப்பது 2007 அகுரா ரிஎல் ரைப்-எஸ், ஆறு கியர் மெனுவல். அங்கே அதே கார் ஓட்டோவில் நிறையக் கிடக்குமாம், மெனுவலுக்குத்தான் ஆட்கள் அலைவார்களாம். ‘ஆனா உப்பு திண்டிடும் மச்சான்’ என்றார். பனிக்கு வீதியில் கொட்டுகிற உப்பு பின்சக்கர வளைவை அரித்துவிடும். அங்கே பலரும் கியரைப் பார்க்கமுன் தகரத்தைப் பார்க்கிறார்களாம். அமெரிக்காவில் கதை இன்னும் வேறு. 25 வயது தாண்டிய காரை அங்கத்தைய பாதுகாப்பு விதிகளுக்கு மாற்றாமலே இறக்கலாம் என்பதால், பழைய லான்சர் எவலூஷன், இம்ப்ரெசா எஸ்ரிஐ போன்றவை அந்த வயதை எட்டும்போது யப்பானிலேயே விலை ஏறிவிடுகிறது. எங்களுக்கு அந்தக் கதவு இல்லை. இலங்கைக்கு வந்த கார் இலங்கையிலேயே ஓடி முடியும்.

ஓட்டோவும் மெனுவலும் பற்றி இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓட்டோ ஈகே3 என்று சொல்வது உண்மையில் ஹொண்டா மல்ரிமற்றிக் என்ற சிவிரி, பற்சக்கரப் படிகளுக்குப் பதில் பெல்ற்றில் ஓடுகிற பெட்டி. வயது போனபின் புறப்படும்போது ஒரு உதறல் உதறும். திருத்தச் செலவு பயங்கரம், செய்தாலும் நிச்சயமில்லை. அதனால் பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு மெனுவல் பெட்டி பூட்டுகிறார்கள். அப்படி மாற்றியதும் பிறவி மெனுவலும் சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, புறோக்கர் இரண்டையும் ஒரே மூச்சில் ‘மெனுவல்’ என்பார். விலையில் இரண்டும் ஒன்றல்ல.

என் காரை வாங்கிய புத்தளத்து நானாவுக்கு அது தெரிந்திருந்தது. பஸ்ஸில் வந்தார், கையில் ஒரு ரோர்ச்சும் பழைய சாக்கும். ‘தம்பி, இது பொறந்ததே மெனுவலா, மாத்தினதா?’ என்பதுதான் முதல் கேள்வி. நான் வாய் திறக்கமுன் குனிந்து பிரேக் பெடலைப் பார்த்தார். மாற்றிய கார்களில் ஓட்டோவின் அகலப் பெடலை வெட்டிச் சின்னதாக்கியிருப்பார்கள், இல்லாவிட்டால் அப்படியே விட்டிருப்பார்கள். பிறகு மீற்றர் பலகையில் பி, ஆர், என், டி எழுத்துக்களுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் சாக்கை விரித்துக் காரின் பின்பக்கத்துக்குக் கீழே போய்விட்டார். அங்கே அவர் தேடியது ட்ரெயிலிங் ஆம் புஷ், பின்சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையின் றப்பர். ஈகேயில் அந்த றப்பர் வெடித்தால் பின்பக்கம் தன் எண்ணத்துக்கு அலையும். வலதுபக்கம் மெல்லிய வெடிப்பு இருந்தது, விரலால் தொட்டுக் காட்டினார். அதற்கு ஒரு தொகை கழித்தார். நியாயம்.

ஓட்டிப் பார்க்கும்போது வேகம் போகவில்லை. மூன்றாம் கியரில் சுற்றை ஏற்றி, இரண்டுக்குத் தட்டி, பல் உரசுகிறதா என்று கேட்டார். நான்காம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டு திடீரென்று மிதித்து, சுற்று ஏறி வேகம் ஏறாமல் நிற்கிறதா என்று கிளச்சைப் பார்த்தார். திரும்பி வந்து, கொம்பனிச் சைலன்சர், கொம்பனி ஸ்ரியறிங், வெட்டாத ஸ்பிரிங் மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விலை சொன்னார். கிளிநொச்சியில் கிடைத்த கடைசி விலையைவிட நான்கு இலட்சம் கூட. அந்த நான்கு இலட்சமும் நான் ஒன்றும் பூட்டாமல் விட்டதற்குக் கிடைத்த காசு. இங்கே பெடியள் பின் இறக்கையும் பெரிய சைலன்சரும் போட்டால் விலை கூடும் என்று நினைக்கிறார்கள். ஊர்ச் சந்தியில் மதிப்புக் கூடும், அது வேறு.

ஆகவே யார் வாங்கலாம்? நாளாந்தம் நீண்ட தூரம் ஓடுபவர், முழுக் காசு உள்ளவர், விற்க அவசரப்படாதவர். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வகன் ஆர் பாருங்கள், அதுவும் மோசமான கார் இல்லை. பார்க்கப் போகிறவர் ரைமிங் பெல்ற் மாற்றிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஓப்பன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட படிவத்தோடு மட்டும், கைமாறி வந்த கார் என்றால், பதிவுப் புத்தகத்தில் பெயருள்ளவரை நேரில் காணாமல் முற்பணம் கொடுக்கவேண்டாம். மத்தியான வெயிலில் போய்ப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகாவிட்டால் முகத்தைச் சுருக்கி விலையைக் குறையுங்கள், பிறகு றிலேயைக் கழற்றிக்கொண்டு ரேடியோக் கடைக்குப் போங்கள்.