ஹோம்கமிங்கா, ப்ராமா? பிள்ளையை முதல்முறை அனுப்பும் வீடுகளுக்கு

ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் டாலஸ் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒரு பேச்சு ஆரம்பிக்கும். ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிள்ளை, "அம்மா, எல்லாரும் ஹோகோவுக்குப் போறாங்க, நானும் போகட்டுமா?" என்று கேட்கும். ஹோகோ என்றால் ஹோம்கமிங், பள்ளி திறந்த சில வாரங்களில் வரும் கொண்டாட்டமும் நடனமும்; ப்ராம் என்பது வருடக் கடைசியில் மேல் வகுப்புகளுக்கு வரும் நடன விருந்து. "இப்போ எதுக்கு? பன்னிரண்டாவதுல ப்ராம் வருமில்ல, அதுக்குப் போய்க்கலாம்" என்று நாம் சொல்வோம். மூத்தவளிடம் நானும் அதையேதான் சொன்னேன், இரண்டு வருடம் அனுப்பவில்லை. இன்று இளையவன் அதே கேள்வியோடு நிற்கும்போது என் பதில் மாறிவிட்டது. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணமும் நேரமும் ஒதுக்க முடியும் என்றால், ஹோம்கமிங்குக்கு ஒதுக்குங்கள்.

இரண்டும் கல்லூரிகளில் பிறந்து பள்ளிக்கு வந்தவை. ஆனால் பிறந்த காரணம் வேறு. ஹோம்கமிங் என்பது படித்து முடித்துப் போனவர்கள் அமெரிக்கக் கால்பந்தாட்டம் ஒன்றுக்காகத் தங்கள் கல்லூரிக்குத் திரும்பி வரும் நாள். டெக்சஸில் பேய்லர் பல்கலைக்கழகம் 1909-ஐச் சொல்லும், இல்லினாய் 1910-ஐச் சொல்லும், மிசூரி 1911-ஐச் சொல்லும். முதலில் தொடங்கியது யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. மிசூரியில் செஸ்டர் ப்ரூவர் என்ற பயிற்சியாளர், கன்சஸுடன் நடந்த ஆட்டத்துக்குப் பழைய மாணவர்களை "வீட்டுக்கு வாருங்கள்" என்று அழைத்தார். ஊர்த் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் சனம் வந்து இறங்குவதை நினைத்துக்கொண்டால் போதும், ஹோம்கமிங் பிடிபட்டுவிடும்.

ப்ராம் அப்படியில்லை. உலா என்று பொருள்படும் 'ப்ராமனாட்' என்ற சொல்லின் சுருக்கம் அது. கிழக்கு மாநிலக் கல்லூரிகளில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் நல்ல உடை உடுத்தி, ஜோடியாக நடந்து வந்து, விருந்து மரியாதை பழகிக்கொள்ளும் மாலை. ஆமர்ஸ்ட் கல்லூரி மாணவர் ஒருவர் ஸ்மித் கல்லூரி ப்ராமுக்கு அழைக்கப்பட்டதை 1894-இல் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஒன்று எல்லாரையும் கூப்பிடப் பிறந்தது, மற்றது தேர்ந்தெடுத்த சிலருக்காகப் பிறந்தது. இன்றைக்கும் அந்தக் குணம் இரண்டிலும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

ஹோம்கமிங் செப்டம்பர், அக்டோபரில் வரும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை எல்லா வகுப்புக்கும் உண்டு. வெள்ளி இரவு ஆட்டம், சனிக்கிழமை பள்ளியின் விளையாட்டுக் கூடமான ஜிம்மிலோ கேண்டீனிலோ நடனம். ப்ராம் ஏப்ரல், மே மாதங்களில். பெரும்பாலும் கடைசி இரண்டு வகுப்புக்கு மட்டும். ஓட்டல் அல்லது விருந்து மண்டபம், தரை தொடும் கவுன், வாடகைக்கு எடுத்த டக்ஸீடோ என்ற விருந்துக் கோட்டு, கையில் கார்சேஜ் என்ற சின்னப் பூச்செண்டு.

இதில் பெற்றோர் பலர் கவனிக்காமல் விடுவது ஸ்பிரிட் வீக், அதாவது ஹோம்கமிங் ஆட்டத்துக்கு முந்தின பள்ளி வாரம். என்னைக் கேட்டால் ஹோம்கமிங்கின் உயிரே அந்த ஐந்து நாட்கள்தான். திங்களன்று இரவு உடையோடு பள்ளிக்குப் போகலாம். இன்னொரு நாள் இரட்டையர் நாள், இன்னொரு நாள் எழுபதுகள், எண்பதுகள் என்று பழைய காலத்து உடை. வெள்ளியன்று பள்ளியின் நிறம். வகுப்புக்கு வகுப்பு நடைபாதையை அலங்கரிக்கும் போட்டி நடக்கும். கடைசி நாள், ஆட்டத்துக்கு உற்சாகமூட்டப் பள்ளியே கூடும் பெப் ராலியில் முரசு வாசிப்பவர்கள் உள்ளே நுழைந்ததும் ஜிம் அதிரும், எந்த வகுப்பு அதிகம் கத்துகிறது என்று பார்ப்பார்கள். இதற்கு டிக்கெட் இல்லை, ஜோடி வேண்டாம், நடனம் தெரிய வேண்டாம். வீட்டில் இருக்கும் துணியே போதும்.

என் மகன் யாரிடமும் தானாகப் போய்ப் பேசமாட்டான். ஆறாம் வகுப்பில் வேறு மாநிலத்திலிருந்து வந்து சேர்ந்தவன். போன வருடம் இரட்டையர் நாளுக்கு முந்தின இரவு அறிவியல் வகுப்புப் பையன் ஒருவன், "உன்கிட்ட மஞ்சள் டி-ஷர்ட் இருக்கா?" என்று குறுஞ்செய்தி அனுப்பியிருந்தான். இரவு ஒன்பது மணிக்கு அலமாரியைக் கவிழ்த்து மஞ்சள் சட்டை தேடினோம். மறுநாள் இருவரும் ஒரே மாதிரி சட்டை, ஒரே மாதிரி தொப்பி. அந்தப் பையன் இப்போது சனிக்கிழமை தோறும் எங்கள் வீட்டில் தோசை சாப்பிடுகிறான். எத்தனை டாலர் கொடுத்து ப்ராம் டிக்கெட் வாங்கினாலும் இது கிடைத்திருக்காது. சில பள்ளிகள் முன்பு பிற நாட்டு உடையை வேடமாகப் போடும் நாட்களை வைத்திருந்தன. பல இடங்களில் அதைக் கைவிட்டுவிட்டார்கள், நல்லதுதான்.

டெக்சஸில் இருப்பவர்களுக்கு இன்னொன்று உண்டு: ஹோம்கமிங்குக்கு அணிந்துகொள்ளும் மம். கிரிசாந்திமம் என்ற பெயரின் சுருக்கம், அதாவது நம் சாமந்தி வகைப் பூ. ஒருகாலத்தில் நிஜப் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். இன்று துணியில் செய்த பூ, முழங்காலுக்குக் கீழே தொங்கும் ரிப்பன்கள், குட்டி டெடி பொம்மை, மினுக்கு விளக்கு, பெயர் ஒட்டிய பட்டை எல்லாம் சேர்ந்து கழுத்தில் மாட்டும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. பையன்களுக்குச் சின்னதாகக் கையில் கட்டும் கார்டர். கீழ்வகுப்புகளுக்குப் பள்ளியின் நிறம், சீனியருக்கு, அதாவது பன்னிரண்டாம் வகுப்புக்கு, வெள்ளையும் வெள்ளிநிறமும் என்பது பல பள்ளிகளின் வழக்கம்.

மகளின் சீனியர் வருடத்தில் மம் ஒன்றை ஒரு கடையில் சொல்லியிருந்தோம். வியாழன் மாலை போனால் தயாராகவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அக்கம்பக்கத்து அக்காக்கள் மூன்று பேருக்கு போன் போட்டேன். சாப்பாட்டு மேசையில், பசையை உருக்கி ஒட்டும் க்ளூ கன்னை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ரிப்பனை மடித்துப் பின்னுவது ஜடை பின்னுவதைவிடக் கடினமில்லை. எங்களில் ஒருவர் ஊரில் பூக்கட்டிப் பழகியவர், அவர் கை பட்டதும் பின்னல் நேராக வந்தது. அடியில் சின்ன மணிகள் கட்டுவார்கள். பரதநாட்டியச் சலங்கையிலிருந்து மிஞ்சிய மணிகள் என்னிடம் இருந்தன, அவற்றையே கோத்தோம். காலையில் காரிலிருந்து இறங்கி அவள் பள்ளிக்குள் நடந்தபோது அந்தச் சத்தம் வாசல்வரை கேட்டது. சாமான் செலவு அறுபது டாலருக்குள் முடிந்தது. கடையில் பெரிய மம் ஒன்று பல நூறு டாலர் ஆகும்.

சரி, ப்ராமின் செலவுக்கு வருவோம். விசா நிறுவனம் 2015-இல் எடுத்த கணக்கெடுப்பில், ப்ராமுக்குச் செலவழிக்கும் குடும்பங்களின் சராசரி 919 டாலர். அதில் 324 டாலர் ப்ராமுக்கு வருகிறாயா என்று கேட்பதற்கே போனது, ப்ராம்போசல் என்று அதற்கு ஒரு பெயர். யாரும் கேட்காத பிள்ளை அந்த மாதம் முழுக்கச் சுருங்கிப்போகும். என் மகளின் தோழி ஒருத்தி அப்படி அழுததைப் பார்த்திருக்கிறேன். ஹோம்கமிங்கிலும் இப்படிக் கேட்டு அழைக்கும் வழக்கம் தொற்றிக்கொண்டிருக்கிறது, ஆனால் ஆறேழு பேர் கூட்டமாகப் போவது அங்கே சர்வ சாதாரணம்.

ஒதுக்கி வைக்கும் குணம் செலவோடு நின்றுவிடவில்லை. தெற்கு மாநிலங்களின் சில ஊர்களில், பள்ளி ஒன்றாக இருந்தும் ப்ராம் மட்டும் வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று என்று நெடுங்காலம் நடந்தது. மிசிசிப்பியில் சார்ல்ஸ்டனில், அந்த ஊரோடு வேர் கொண்ட நடிகர் மார்கன் ஃப்ரீமன், ஒன்றாக நடத்தினால் செலவை நானே ஏற்கிறேன் என்று 1997-இல் சொன்னார். 2008-இல்தான் ஏற்றுக்கொண்டார்கள். ஜார்ஜியாவின் வில்காக்ஸ் கவுண்டியில் 2013-இல் மாணவர்களே நிதி திரட்டி முதல் பொது ப்ராமை நடத்தினார்கள். பள்ளி நடத்தாமல் பெற்றோர் கூடித் தனியாக நடத்தியதால்தான் இது இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது.

ஆனாலும் ப்ராமில் எனக்குப் பிடித்தது நிறைய உண்டு. அது விடைபெறும் மாலை. நான்கு வருடம் கூடப் படித்தவர்கள் ஒரே இடத்தில் நன்றாக உடுத்தி நிற்பதை ஒருமுறை பார்க்கலாம். வடக்கே விஸ்கான்சின், மினசோட்டா பக்கம் கிராண்ட் மார்ச் என்று, ஜோடி ஜோடியாகப் பெயர் சொல்லி மேடையேற்றி ஊரே உட்கார்ந்து கைதட்டும் வழக்கம் இருக்கிறது. அங்கே ப்ராமும் ஊர்த் திருவிழா ஆகிவிடுகிறது, என் எதிர்ப்பெல்லாம் அங்கே செல்லாது. நம் பெண்கள் சிலர் கவுனை விட்டு லெஹங்காவிலும் தாவணியிலும் ப்ராமுக்குப் போகிறார்கள். என் மகள் அம்மாவின் கல்யாணப் புடவை பார்டரை வைத்துத் தைத்த பாவாடையில் போனாள். அந்தப் படம்தான் எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது.

இவை இரண்டும் தவிரக் குளிர்கால நடனம், பெண்கள் பையன்களை அழைக்கும் சேடி ஹாக்கின்ஸ் போன்றவையும் உண்டு. சேடி ஹாக்கின்ஸ் 1937-இல் ஒரு படக்கதைத் தொடரிலிருந்து வந்த பெயர். சியாட்டில் பக்கம் அதையே டோலோ என்பார்கள். எல்லாப் பள்ளியிலும் இல்லை, இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

நம் வீடுகளின் உண்மையான பயம் நடனம்தானே. காவலுக்கு நிற்கும் பெற்றோராக இரண்டு முறை போயிருக்கிறேன். பெரும்பாலும் வட்டமாக நின்று குதிக்கிறார்கள். அரைமணி நேரத்தில் பெண்கள் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் குவித்துவிடுகிறார்கள். ஆசிரியர்களும் போலீஸ்காரரும் வாசலில் நிற்கிறார்கள், வெளியே போனால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். வேறு பள்ளி நண்பரை அழைத்துவர முன்கூட்டியே படிவம் கொடுக்க வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள். பிள்ளை எங்கே சாப்பிடப் போகிறது, யார் கூட்டிவருவார் என்பதைப் பேசி வைத்துக்கொண்டால் போதும்.

இளையவன் இந்த வருடம் போகிறான். கார்டர் நாங்களே செய்யப் போகிறோம். பக்கத்தில் இருப்பவர்கள் வாருங்கள், க்ளூ கன் என்னிடம் இரண்டு இருக்கிறது. ரிப்பனை மட்டும் ஆகஸ்ட் முடிவதற்குள் வாங்கிவிடுங்கள். போன முறை செப்டம்பர் நடுவில் போனபோது வெள்ளிநிறம் எந்தக் கடையிலும் மிஞ்சவில்லை.