அல்சூர் மிக்ஸி ரிப்பேர் கடை: ஐந்துக்கு நான்கு

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பெங்களூர் அல்சூர் மெட்ரோவில் இறங்கி சோமேஸ்வரர் கோயில் பக்கமாக நடந்தால், ஒரு பாத்திரக் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் அகலத்துக்கு இருக்கிறது, உள்ளே கூரை வரைக்கும் பழைய மிக்ஸிகள், குக்கர் மூடிகள், டேபிள் ஃபேன் இறக்கைகள். கடைக்கார அண்ணன் ஆம்பூர் பக்கத்துக்காரர். தமிழில் ஆரம்பித்து கன்னடத்தில் போய் உருதுவில் முடிக்கும் அசல் அல்சூர் பேச்சு.

நான் கொண்டு போனது அம்மாவின் சுமீத் மிக்ஸி. கல்யாணத்துக்குத் தாத்தா வாங்கிக் கொடுத்தது, வேலூரிலிருந்து என்னோடு பெங்களூருக்கு வந்துவிட்டது. போன மாதம் தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது உள்ளே பொறி பறந்தது, கருகல் வாடை வந்தது, அப்புறம் நின்றேபோனது. மூன்று இடத்தில் கேட்டேன், மூவரும் சொல்லிவைத்த மாதிரி புதுசு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

இதற்கு முந்தின சனிக்கிழமை இன்னொரு செலவும் செய்திருந்தேன், அதையும் சொன்னால்தான் நான் ஏன் ஒரு ரிப்பேர் கடைக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று புரியும். 'உங்கள் வாழ்க்கையின் நோக்கத்தைக் கண்டுபிடியுங்கள்' என்று ஒரு நாள் பயிற்சி வகுப்பு, 3,500 ரூபாய், மதியச் சாப்பாடு உண்டு. யார் நடத்தினார்கள் என்பது வேண்டாம். பதினோரு வருடமாக மென்பொருள் வேலை, திங்கட்கிழமை லேப்டாப்பைத் திறக்கவே கை வராத நிலைமையில் போனேன். நான்கு வட்டம் வரையச் சொன்னார்கள்: பிடித்தது, நன்றாக வருவது, உலகத்துக்குத் தேவையானது, காசு கிடைப்பது. நான்கும் சேரும் இடம்தான் இகிகாய் (வாழ்வதற்கான காரணம்), ஜப்பானியர்களின் ஆயிரம் வருட ரகசியம் என்றார்கள். வீட்டுக்கு வந்து தேடினால், அந்தப் படம் ஜப்பானில் வரைந்ததே இல்லை. ஸ்பெயின்காரர் ஒருவர் வரைந்த படத்தின் நடுவில் 'நோக்கம்' என்று இருந்ததை, 2014ல் ஒரு ஆங்கிலேயர் 'இகிகாய்' என்று மாற்றிப் போட்டிருக்கிறார். ஜப்பானில் அந்தச் சொல் பேரப்பிள்ளைக்கும் தோட்டத்துச் செடிக்கும்கூடப் பொருந்தும், காசு கிடைத்தாக வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. என் நான்கு வட்டங்களும் ஒன்றையொன்று தொடவே இல்லை, அது வேறு.

சரி, கடைக்கு வருவோம். அண்ணன் மிக்ஸியைத் தொடுவதற்கு முன்னால் கேட்டது: "வீட்ல என்ன தம்பி அரைப்பீங்க? மாவா, பொடியா? எத்தன பேரு?" மற்ற மூன்று இடத்திலும் இதை யாரும் கேட்கவில்லை. இந்த மிக்ஸி பிறந்த கதையும் ஏறக்குறைய இந்தக் கேள்விதான். 1960களில் சீமென்ஸில் வேலை பார்த்த சத்ய பிரகாஷ் மாதுர் என்ற பொறியாளர், மனைவியின் ஜெர்மன் மிக்ஸி நம் அரைவைக்குத் தாங்காமல் பழுதாகிவிட, இந்தச் சமையலுக்குத் தாங்குகிற மாதிரி ஒன்றைச் செய்ய உட்கார்ந்தார். அதுதான் சுமீத்.

அடியைக் கழற்றி இரண்டு கார்பனை (மோட்டாரில் சுழலும் பகுதியான ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொண்டுபோகும் சின்னக் கரித்துண்டு) எடுத்துக் கையில் வைத்தார், இரண்டும் பாதி நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தன. "மோட்டார் சாவல. தேயறதுக்குன்னே வெச்சதுதான் இது, இது தேஞ்சா ஆர்மேச்சர் பொழச்சுக்கும்." ஆர்மேச்சரின் செம்புப் பகுதி கரி பிடித்துக் கறுத்திருந்தது, அதை உப்புத்தாளால் செம்பு நிறம் வரும்வரை தேய்த்தார், இடுக்குகளில் இருந்த கரியை ஊசியால் ஒவ்வொன்றாகக் கீறி எடுத்தார். இருபது நிமிடம் ஆகியிருக்கும். வாடிக்கையாளர் ஒருவர் வந்து கூப்பிட்டும் நிமிரவில்லை. (இது குறையா நிறையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.)

ஜார் இல்லாமல் ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். அதோடு முடிந்தது என்று பர்ஸை எடுத்தேன். அவர் ஒரு டப்பாவைத் திறந்து ஒரு பிடி பொட்டுக்கடலை போட்டு அரைத்து, பொடியை விரலில் தேய்த்துப் பார்த்து, "நைசா வரல" என்றார். கார்பனுக்குத்தான் வந்தேன் என்றேன். காதில் வாங்கவில்லை. ஜாரைக் கழற்றினால் பிளேடின் தண்டைப் பிடித்திருக்கும் புஷ் தேய்ந்து பிளேடு ஆடிக்கொண்டிருந்தது.

நான் எழுதுவது மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கான மென்பொருள். பதினோரு வருடத்தில் அதை உபயோகிக்கும் ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை. அந்தப் பொட்டுக்கடலை என் வேலையில் எங்கேயும் இல்லை என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது. மேனேஜரிடம் கேட்டு, புதன்கிழமைகளில் ஒரு மணி நேரம் வாடிக்கையாளர் அழைப்புகளை ஒட்டுக் கேட்கிறேன். முதல் வாரமே ஒரு அம்மா, பில்லை ஏற்றும் பொத்தான் திரையில் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பத்து நிமிடம் தவித்தார். அதைச் சரிசெய்ய எனக்கு அரை நாள் ஆனது, அன்று மதியம் சாப்பிட மறந்துவிட்டேன். பயிற்சி வகுப்பில் உருப்படியாக ஒன்று கேட்டிருந்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்: போன வாரத்தில் கடிகாரம் பார்க்காமல் போன ஒரு மணி நேரத்தை எழுதுங்கள் என்று. அன்றைக்கு என் தாள் காலியாக இருந்தது.

அண்ணனைப் பெரிய ஞானி ஆக்க வேண்டாம். வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, "பிடிக்காம என்ன, முதுகுதான் போச்சு. பையன் டிப்ளமோ படிக்கிறான், இந்தப் பக்கம் வராதன்னு சொல்லிட்டேன்" என்றார்.

ஒரு நட்சத்திரம் குறைத்ததற்குக் காரணம்: புஷ் வாங்கி வந்து போட்டு வியாழக்கிழமை தருகிறேன் என்றவர் கொடுத்தது ஞாயிற்றுக்கிழமை, போன் எடுப்பதே இல்லை, பில் கிடையாது. எல்லாம் சேர்த்து 450 ரூபாய் வாங்கினார், பழைய கார்பனை ஒரு தாளில் மடித்துக் கொடுத்தார். காலை பதினொன்றுக்கு மேல் போங்கள். ஒரு ஜாரை மட்டும் கொண்டு போகாதீர்கள், இருக்கிற ஜார் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், நான் சட்னி ஜாரை விட்டுவிட்டுப் போய் இரண்டாவது தடவை ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கொடுத்தேன்.