குன்னூர் வீடும் டேன் நம்பரும்

பதினெட்டு நாள் லீவில் குன்னூர் போய்விட்டு வந்தேன். ரயில், சிம்ஸ் பூங்கா, குளிர் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. எழுத வேண்டியது டேன் (TAN) நம்பரைப் பற்றித்தான், அதாவது அடுத்தவர் வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுபவர் வாங்க வேண்டிய எண்.

குன்னூர் பெட்ஃபோர்டுக்கு மேலே அப்பா கட்டிய ஓட்டு வீட்டை ஆறு வருஷமாக வாடகைக்கு விட்டிருக்கிறேன், மாதம் 12,000. குடியிருக்கும் அண்ணன் பேக்கரியில் வர்க்கி போடுபவர். ரேலியா அணையில் தண்ணீர் இறங்கி, குழாயில் பத்து நாளைக்கு ஒரு தடவை வந்த கோடையிலும் போன் பண்ணி ஒரு வார்த்தை முணுமுணுத்தது கிடையாது. வாடகையும் ஒரு நாள் பிந்தாது. அப்படிப்பட்டவரை நானே வருமான வரி வம்பில் மாட்டிவிட்டேன்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பழையபடி பதினொரு மாதம் என்று பத்திரத்தில் எழுதி பீரோவில் போட்டால் போதாது. சரி, ஆடிட்டரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று இருவரும் போனோம். நான் லண்டன் க்ராய்டனில் இருக்கிறேன் என்றதும் அவர் பேனாவை மூடி வைத்தார். என்னை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்துக் கேட்டார்:

"டேன் நம்பர் இருக்கா?"

"பான் கார்டு இருக்குங்க."

"பான் இல்லைங்க. டேன்."

வீட்டுக்காரர் உள்ளூரில் வசிப்பவர் என்றால், அண்ணன் மாதிரி ஆள் மாதம் 50,000க்கு மேல் வாடகை கொடுத்தால்தான் வரிப் பிடித்தம். வீட்டுக்காரர் வெளிநாட்டுவாசி என்றால் அந்த வரம்பே கிடையாது. 30 சதவீதம் வரி, அந்த வரியின் மேல் 4 சதவீதம் செஸ், ஆக 31.2. அதாவது 12,000த்தில் 3,744ஐப் பிடித்து, அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கும் தாக்கல் செய்ய வேண்டியவர் வர்க்கி போடும் அண்ணன். தவறினால் வட்டியும் அவர் தலையில்.

இத்தனைக்கும் இந்தியாவில் எனக்கு வேறு வருமானம் இல்லை. வருஷத்துக்கு 1,44,000, வரி வரம்பைக்கூட எட்டாது. அவர் கட்டுவார், நான் ரிட்டர்ன் போட்டு அதையே திரும்ப வாங்குவேன்!

வெளியே டீக்கடையில் நின்றபோதுதான் அண்ணன் வாயைத் திறந்தார். "உங்க வரிய நான் எதுக்குத் தம்பி கட்டணும்? எனக்கே இதுவரைக்கும் யாரும் வரி போட்டதில்லையே." பதில் தெரியாமல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

இங்கிலாந்திலும் இந்தக் கூத்து உண்டு. வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்கு வாரம் 100 பவுண்டுக்கு மேல் வாடகை போனால், குடியிருப்பவர் 20 சதவீதம் பிடிக்க வேண்டும். ஆனால் வீட்டுக்காரரே விண்ணப்பித்து அனுமதி வாங்கிவிட்டால், குடியிருப்பவருக்குத் தொல்லை விட்டது. நம் ஊரிலும் பிடித்தத்தைக் குறைக்கச் சான்றிதழ் கேட்கலாம். அதை வருஷா வருஷம் நான் கேட்டு வாங்க வேண்டும்.

அட்வான்ஸ் விஷயத்தில் மட்டும் என் பக்கம் கொஞ்சம் அசிங்கம். ஊர் வழக்கப்படி பத்து மாதம் வாங்கியிருந்தேன். சட்டம் மூன்று மாதம் என்கிறது. க்ராய்டனில் நான் குடியிருக்கும் வீட்டுக்குக் கொடுத்ததோ ஐந்து வாரம்தான். 84,000ஐத் திருப்பிக் கொடுத்தேன்.

"காலி பண்ணச் சொல்லிட்டு காட்டேஜ் ஆக்குடா, சீசன்ல நாளைக்கு நாலாயிரம்" என்றான் சித்தப்பா மகன். குடியிருக்க அனுமதி வாங்கிய வீட்டை அப்படி ஓட்டினால் சீல் வைத்துவிடுவார்கள். அதோடு க்ராய்டனில் உட்கார்ந்துகொண்டு யார் பெட்ஷீட் மாற்றுவது? விற்கலாம் என்றால் வாங்குபவரும் வரி பிடிக்க வேண்டும். இதெல்லாம் போதாதென்று 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ். டிஎன் 43, அதாவது நீலகிரிப் பதிவு வண்டிக்கு வேண்டாம். கோவையில் எடுத்த காருக்கு இ-பாஸ் வாங்கித்தான் கல்லாறு தாண்டினேன், பிறந்த ஊருக்கு.

கடைசியில் அண்ணனே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். டேன் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன், கட்டணமும் என்னுடையது. அவர் கையெழுத்துப் போட்ட இடத்தில் மைதா ஒட்டியிருந்தது.

கிளம்பும் அன்று காலை, சூடு ஆறாத வர்க்கி இரண்டு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார்.

"இதுல எத்தனை பிடிக்கணும் தம்பி?"