தபாலா, கூரியரா? அரங்கேற்ற நகை அமெரிக்கா போகும் வழி

பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலிருந்தே பரதநாட்டிய நகை செட் அனுப்புகிறோம். நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஒட்டியாணம் என எல்லாம் கெம்புக் கல். வாங்குவது பெரும்பாலும் அமெரிக்காவில் மகளின் அரங்கேற்றத்துக்கு நாள் குறித்த அம்மாக்கள். தனியார் கூரியர், தபால் துறையின் ஸ்பீடு போஸ்ட் இரண்டிலும் அனுப்பிப் பார்த்து, இப்போது தபால் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

வேகத்தில் கூரியர்தான். எங்கள் பெட்டிகள் ஒரு வாரத்துக்குள் போய்விட்டன. தபாலில் இரண்டு மூன்று வாரம். கட்டணத்தில் தலைகீழ். கூரியரில் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை செ.மீ.-இல் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்வார்கள்; தராசு எடையைவிட அது கூடுதலானால் அதற்குத்தான் கட்டணம். தராசில் 800 கிராம் காட்டும் செட், 35x25x12 செ.மீ. பெட்டியில் போனால் 2.1 கிலோ ஆகிவிடும். கல் உதிராமல் இருக்க அந்தப் பெட்டி வேண்டுமே!

ஆனால் என்னை மாற்றியது வரி. 2025 ஆகஸ்ட் 29-க்கு முன் 800 டாலர் வரையான பொருள் அமெரிக்காவுக்குள் வரியில்லாமல் நுழைந்தது. அந்தச் சலுகை போனதும் நாங்கள் கூரியரில் அனுப்பிய ஒரு செட்டுக்கு, வரியும் அதற்கு மேல் சேவைக் கட்டணமும் வாங்குபவர் தலையில் விழுந்தன. "அக்கா, எல்லாம் சேர்த்துத்தான் விலைன்னு சொன்னீங்களே?" என்று கேட்டவர் பெட்டியை வாங்கவே இல்லை. திரும்பி வந்த செலவும் எங்களுக்கு. தப்பு எங்களுடையதுதான்; வரியை அனுப்புபவரே கட்டும் முறையை நாங்கள் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். கூரியரில் அதற்கும் தனிக் கட்டணம் உண்டு.

அமெரிக்காவுக்கான தபால் பார்சல் ஆகஸ்ட் 25 முதல் நின்றுபோயிருந்தது. அந்த ஏழு வாரமும் கூரியர்தான் கைகொடுத்தது, அதை மறைக்கக் கூடாது. அக்டோபர் 15-இல் திரும்பத் தொடங்கியபோது, வரியை இங்கே புக்கிங்கிலேயே வாங்கிக்கொள்ளும் முறை வந்தது. ராஜாஜி சாலை ஜிபிஓவில் (சென்னையின் தலைமைத் தபால் நிலையம்) வரிசையில் நிற்கத்தான் வேண்டும். ஆனால் மொத்தச் செலவு என்னவென்று அங்கேயே தெரிந்துவிடுகிறது, அதை விலையில் சேர்த்துச் சொல்லிவிடலாம். வாங்குபவர் வாசலில் யாரும் பணம் கேட்பதில்லை.

கனடாவுக்கு இதுவரை இரண்டே பெட்டிதான், அதை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன். மற்றபடி ஆர்டர் வந்ததும் முதலில் அரங்கேற்றத் தேதியைக் கேட்கிறேன். மூன்று வாரத்துக்குக் குறைவாக இருந்தால், சரி, கூரியரேதான்.