வாழைமட்டையா, வைக்கோலா: நானோ இழைக்கு எது தோது?

நாகப்பட்டினம் கடற்கரையில் நிற்கும் ஃபைபர் படகுகளுக்கு உரம் தருவது கண்ணாடி இழை. பிசினும் இழையும் சேர்ந்த அத்தகைய கலப்புப் பொருள்களில் அதற்குப் பதிலாகத் தாவர நானோ இழையை, அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுக்கிப் பிரித்த தாவர நாரை, சேர்க்க முடியுமானால், டெல்டாவின் எந்தப் பயிர்க்கழிவு அதற்கு ஏற்றது என்பதே இங்கே கேள்வி.

தாவர நாரின் அடிப்படைப் பொருள் செல்லுலோஸ். அதன் படிகத்தின் விறைப்பு, அதாவது இழுத்தால் நீளாமல் தாங்கும் தன்மை, சுமார் 140 கிகா பாஸ்கல். கண்ணாடி இழைக்கு ஏறத்தாழ 70. அடர்த்தியிலும் செல்லுலோஸ் கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம்தான், கண்ணாடியோ 2.5. ஆனால் இது படிகத்தின் கணக்கு. இழைகள் திரளாமல் பிசினுக்குள் பரவினால்தான் அதில் ஒரு பங்காவது கைக்கு வரும்.

வாழைத்தண்டு நாரில் செல்லுலோஸ் ஏறத்தாழ 60 சதவீதம் உள்ளது. நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் குறைவு என்பதால், அதை நீக்கக் காரக் கரைசலில் வேகவைத்து வெளுக்கும் வேலை எளிது. வைக்கோலில் செல்லுலோஸ் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். அதைவிடப் பெரிய தொல்லை சிலிக்கா: காரத்தில் கரைந்து கழிவுநீரோடு போகும் அது, அந்த நீரிலிருந்து காரத்தை மீட்கும் கருவிகளில் படிந்து அடைத்துக்கொள்கிறது. மேலும், வைக்கோலுக்கு மாடு என்ற நிரந்தர வாடிக்கையாளர் உண்டு. தார் வெட்டிய பின் வயலில் கிடக்கும் மரத்துக்கு, பூக்கட்டும் நாருக்காக உரித்தது போக, அவ்வளவு போட்டியில்லை.

வாழையின் குறை தண்ணீர். மரத்தின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே என்பதால், லாரியில் ஏற்றி ஆலைக்கு அனுப்பினால் வாடகையே விழுங்கிவிடும். தோட்டத்திலேயே இயந்திரத்தில் நார் பிரித்து, காயவைத்து, கட்டாக அனுப்புவதுதான் வழி. தென்னை நாரில் லிக்னின் 40 சதவீதத்தைத் தாண்டுவதால் அது கயிறாகவே இருக்கட்டும். கரும்புச் சக்கையை ஆலைகள் தம் கொதிகலனுக்கே எரித்துவிடுகின்றன.

எந்த மூலப்பொருளானாலும் செலவு, நாரை நானோ இழையாகப் பிரிப்பதில்தான். 1980களில் உயர் அழுத்தக் கருவிகள் டன்னுக்கு 20,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் குடித்தன. முன்னதாக நொதியோ ஆக்சிஜனேற்றமோ செய்தால் அது வெகுவாகக் குறைகிறது. ஈரமான நானோ இழையை அப்படியே உலர்த்தினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மறுபடி நனைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. ஈரத்தோடு வைத்தாலோ பாலிபுரோப்பிலீன் போன்ற நெகிழிகள் ஏற்பதில்லை. நீரை உறிஞ்சும் இந்தக் குணத்தால், படகை இப்போதைக்குக் கண்ணாடி இழைக்கே விட்டுவிடலாம். பொதி உறைகளுக்கும் வாகனங்களின் உட்புறப் பலகைகளுக்கும் இது பொருந்தும்.

ஆகவே என் தேர்வு, திருவையாறு, தொட்டியம் பக்கத்து வாழை. வைக்கோலில் கைவைப்பதானால், மழையில் நனைந்து மாடு தொடாத குறுவை வைக்கோலை, பூஞ்சை ஏறும் முன் எடுத்துக்கொள்ளலாம்.