பழைய பிக்கப் ஸ்டார்ட் ஆகி நின்றுவிடுகிறதா? நான்கு கருவிகளின் நீண்ட நாள் அனுபவம்

செல்ஃப் அடித்ததும் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். சில நொடியிலோ சில நிமிடத்திலோ நின்றுவிடும். பழைய பெட்ரோல் பிக்கப்களில் இந்தக் கோளாறுக்காகத் தொடர்ந்து பயன்படுத்திவரும் கருவிகள் ஃபியூயல் பிரஷர் கேஜ், ஸ்பார்க் டெஸ்டர், மல்டிமீட்டர், வேக்கம் கேஜ் (இன்ஜின் காற்றை உறிஞ்சும் வெற்றிடத்தை அளப்பது) ஆகிய நான்கும்தான். வண்டி நின்ற பிறகு இவற்றை எடுத்தால் பாதி விடை போய்விடும். ஓடும்போதே மாட்டியிருக்க வேண்டும். நிற்கும் கணத்தில் எது முதலில் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

பிளக் வயரில் இடையே மாட்டும் லைட் டெஸ்டர், இன்ஜின் வேகம் இறங்கும்போதும் கடைசி வரை மின்னினால் பெட்ரோலையோ காற்றையோ சந்தேகிக்கலாம். இன்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே லைட் அணைந்தால் கோளாறு இக்னிஷனில், அதாவது ஸ்பார்க்கை உண்டாக்கும் மின்பகுதியில் இருக்கிறது. ஆனால் பலவீனமான ஸ்பார்க்குக்கும் அந்த லைட் எரியும். அதனால் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் வகை டெஸ்டர் ஒன்றும் வைத்திருப்பது நல்லது.

சாவியை ஸ்டார்ட்டிலிருந்து விட்ட மறுகணமே நிற்கிறதா? பழைய டாட்ஜ் பிக்கப்களில் முதலில் பார்க்க வேண்டியது பேலஸ்ட் ரெசிஸ்டர், அதாவது இக்னிஷன் காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் தடை. செல்ஃப் சுற்றும்போது காயிலுக்கு (ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தருவது) பேட்டரி வோல்டேஜ் நேராகப் போகும். சாவியை விட்டதும் ரெசிஸ்டர் வழியாகத்தான் போகும். அது அறுந்திருந்தால் ஸ்பார்க் அங்கேயே செத்துவிடும். சாவி ஆன் நிலையில் காயிலின் பாசிட்டிவ் முனையில் வோல்டேஜே இல்லையென்றால் ரெசிஸ்டரையும் இக்னிஷன் ஸ்விட்சையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ரெசிஸ்டரைத் தவிர்த்து நேர் வயர் கொடுத்து ஓட்டாதீர்கள், காயில் சூடேறிக் கருகும்.

சூடானதும் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் இக்னிஷன் மாட்யூல் (காயிலை ஆன்-ஆஃப் செய்யும் மின்னணுப் பெட்டி), டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து அதற்கு சிக்னல் தரும் பிக்கப் காயில் இரண்டும் சந்தேகத்துக்குரியவை. ஓடும் இன்ஜினில் மாட்யூலை ஹேர் டிரையரால் சூடாக்கினால் கோளாறு பெரும்பாலும் நம் கண் முன்னே வரும். புது மாட்யூலின் அடியில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடவாவிட்டால் அதுவும் சீக்கிரம் போகும்.

பெட்ரோல் பக்கத்தில் பிரஷர் எண்தான் பேச வேண்டும். மெக்கானிக்கல் பம்ப் உள்ள கார்புரேட்டருக்கு பெரும்பாலும் 4 முதல் 7 பிஎஸ்ஐ (அழுத்த அலகு), ஜிஎம் டிபிஐ (த்ராட்டில் வாயிலேயே பெட்ரோல் தெளிக்கும் முறை) இன்ஜின்களுக்கு 9 முதல் 13, சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர் உள்ள ஃபோர்டின் மல்டிபோர்ட் இன்ஜெக்ஷனுக்கு 30 முதல் 45. டிபிஐ-க்கு 0–15 அளவுள்ள கேஜ் வாங்குங்கள். 100 வரை போகும் கேஜில் 8-க்கும் 11-க்கும் வித்தியாசம் தெரியாது. பிரஷர் சரியாக இருந்தும் ஓட்டம் குறைவாக இருக்கலாம். 30 நொடியில் சுமார் அரை லிட்டர் வராவிட்டால் ஃபில்டரையும் டேங்கினுள் இருக்கும் வலையையும் பாருங்கள். இதைச் செய்யும்போது சூடான இன்ஜின் வேண்டாம், தீயணைப்பான் கையருகில் இருக்கட்டும். டேங்க் மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே இழுத்தால் மூடியின் வென்ட் அடைத்திருக்கிறது.

டிபிஐ-யில் ஒரு வசதி உண்டு. ஏர் கிளீனரைக் கழற்றினால் இன்ஜெக்டர் தெளிப்பதை நேரில் பார்க்கலாம். வண்டி நிற்கும் முன்பே அந்தத் தெளிப்புக் கூம்பு மெலிந்து சொட்டத் தொடங்கினால் முதலில் பெட்ரோல் பக்கத்தையே பாருங்கள்.

நான்கிலும் பலர் அலட்சியப்படுத்துவது வேக்கம் கேஜ். என் கணக்கில் அதிகம் உழைப்பது அதுதான். கடல் மட்டத்தில் நல்ல இன்ஜின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) 17 முதல் 21 அங்குலம் பாதரசம் அசையாமல் காட்டும். ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். முள் தாழ்வாக நின்றால் காற்றுக் கசிவு, பிந்திய டைமிங், திறந்தபடி சிக்கிய இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடுவது) என மூன்றும் சாத்தியம். எது என்று கேஜ் மட்டும் சொல்லாது. இஜிஆர் சிக்கியிருந்தால் ஐடிலில் திணறி நிற்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஓடும். கார்பன் படிந்த ஐடில் கண்ட்ரோல் வால்வும் (ஐடிலுக்கு வேண்டிய காற்றை விடுவது) அப்படித்தான் நடந்துகொள்ளும், ஆனால் அப்போது வேக்கம் அவ்வளவு விழாது. 2500 ஆர்பிஎம்-மில் பிடித்திருக்கும்போது முள் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்டர் அடைத்திருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் திடீரென்று நின்றால், ஹெட்லைட் போட்டு இன்ஜின் ஓடும்போது இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரைக் கழற்றி, இரு முனையையும் பளபளக்கத் தேய்த்து முறுக்குங்கள்.