ஹண்டிங்டன் நோய்: மீன் எண்ணெயா, ஏழு கார்பன் எண்ணெயா?

மூளை நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்து உடல் அசைவுகளைக் குலைக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் நோய் இருக்கும் வீட்டில் எண்ணெய்ப் பேச்சு எப்படியும் ஒருநாள் வந்துவிடும். "மீன் எண்ணெய் மாத்திரைதானே, கொடுத்துப் பார்த்தால் என்ன" என்று யாராவது கேட்பார்கள். நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த இரண்டு எண்ணெய்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது எத்தில் இபிஏ. மீன் எண்ணெயில் இருக்கும் ஒரு ஒமேகா 3 கொழுப்பைச் சுத்திகரித்துச் செய்த மருந்து இது, கடை மாத்திரை வேறு. 2005-ல் வெளியான ஆய்வில் 135 பேர், தினம் 2 கிராம், ஒரு வருடம். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் போலி மருந்துக்கும் (ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும், மருந்தே இல்லாத மாத்திரை) இதற்கும் வித்தியாசமே இல்லை. விதிமுறை பிசகாமல் முடித்த 83 பேரை மட்டும் தனியாக எடுத்தபோது உடல் அசைவுகளில் முன்னேற்றம் தெரிந்தது, நம்பிக்கையும் அங்கிருந்துதான் பிறந்தது. ஆனால் நடுவில் விலகியவர்களைக் கழித்துவிட்டால், மிஞ்சியவர்கள் ஆரம்பத்திலேயே கொஞ்சம் தெம்பாக இருந்தவர்களாகவும் இருக்கலாமே! 2008-ல் வந்த அமெரிக்க, கனடா ஆய்வில் 316 பேர். ஆறு மாதத்தில் பலன் இல்லை. அடுத்த ஆறு மாதம் எல்லோருக்கும் அசல் மருந்தே கொடுத்தார்கள், முதலிலிருந்து எடுத்தவர்கள் சற்று மேலாக இருந்தார்கள் என்றாலும், தான் சாப்பிடுவது அசல் என்று தெரிந்த பிறகு வரும் முன்னேற்றத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டாவது ட்ரைஹெப்டனாயின், ஏழு கார்பன் கொழுப்பு. நிறமோ ருசியோ இல்லாத இந்த எண்ணெயை உணவில் கலந்து சாப்பிட வேண்டும். நோயில் மூளைக்கு எரிபொருள் தட்டுப்பாடாகிறது, சக்தி தயாரிக்கும் சுழற்சியில் குறைந்துபோன மூலப்பொருளை இந்தக் கொழுப்பு நிரப்பும் என்பது கணக்கு. பாரிஸ் குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கேன் கருவிக்குள் படுத்திருப்பவருக்கு மினுக்கும் கட்டங்களைக் காட்டி, பார்வைப் பகுதி சக்தியைச் செலவழித்து மீளும் விதத்தை அளந்தார்கள். நோயாளிகளிடம் காணாமல் போயிருந்த அந்த ஏற்ற இறக்கம் ஒரு மாத எண்ணெய்க்குப் பிறகு திரும்பியது. எனக்கு இது பிடித்திருக்கிறது, எண்ணெய் மூளையில் ஏதோ செய்கிறது என்பதை நேராகக் காட்டியது. ஆனால் பத்தே பேர், போலி மருந்து ஒப்பீடு இல்லை, ஸ்கேனில் சக்தி திரும்பியதும் கை கால் அசைவு சீராவதும் ஒன்றல்ல.

அளவையும் பாருங்கள். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் என்றால் 60 கிலோ உள்ளவர் தினம் 60 கிராம் எண்ணெய் சாப்பிட வேண்டும், வயிற்றுப்போக்கும் வயிற்றுவலியும் வரலாம். ஏற்கெனவே எடை இறங்கிக்கொண்டிருப்பவருக்கு அது சின்ன விஷயமில்லை.

எனக்கு ட்ரைஹெப்டனாயினின் காரணம்தான் வலுவாகப் படுகிறது, சோதிக்கப்பட்ட ஆட்களின் எண்ணிக்கையில் எத்தில் இபிஏ பல மடங்கு முன்னே, ஆனால் அந்த எண்ணிக்கை சொன்ன பதில் "இல்லை" என்பதுதான். அதனால் மீன் எண்ணெய்க்கு ஒதுக்கும் பணத்தை, விழுங்கச் சிரமப்படுபவருக்குப் புரையேறாமல் ஊட்டும் முறையைச் சொல்லித்தரும் பேச்சு-விழுங்கல் பயிற்சியாளருக்கும் உணவியல் நிபுணருக்கும் செலவழியுங்கள்.